ஆம்பூர் மாமாவும் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் காரும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். பதிவு நீளம்தான், டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2005-ல் நடந்த கதை. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், ‘பாய்’ என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மேல் மனசு விழுந்துவிட்டது. ஜெர்மன் வண்டி, இரண்டே இருக்கை, பட்டனை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னாடி போய் ஒளிந்துகொள்ளும். சிங்கப்பூரில் ஓடியது, 2002-ல் இந்தியாவுக்கு வந்தது, மூன்றாவது கை. கேட்ட விலை 16 லட்சம். கிலோமீட்டர் 31 ஆயிரம். பாய் ஒரு லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு போன் போட்டார்.

“நீதான் கார் கார்னு எழுதிக்கிட்டே இருக்கியே, வந்து பாரு. பதினாறு நியாயமான விலைதானா?”

இந்த ‘நியாயமான விலை’ என்ற ரெண்டு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அன்றைக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். அதற்கப்புறம் இத்தனை வருஷமாக அங்கே இங்கே படித்துச் சேர்த்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரேஷன் அரிசியும் ஹெரால்டும்

நியாய விலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரேஷன் கடைதான். சிரிக்காதீங்க, நம்ம நாட்டில் கார்களுக்கும் அரசாங்கமே விலை சொன்ன காலம் ஒன்று இருந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே வண்டி. மூன்றுக்கும் விலைக் கட்டுப்பாடு. 1969-ல் மத்திய அரசு போட்ட விலை கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கமிஷன் போட்டு, இரும்பு என்ன விலை, கூலி என்ன, முதலீட்டுக்கு எவ்வளவு லாபம் நியாயம் என்று வரிவரியாகக் கணக்கு பார்த்து, 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமே காருக்கு நியாயமான விற்பனை விலை எது என்று தீர்ப்பு எழுதியது. ஒரு காரின் ‘நியாயமான விலை’யை நாட்டின் மிகப்பெரிய கோர்ட் உட்கார்ந்து கூட்டிக் கழித்த கதை வேறு எந்த நாட்டிலாவது இருந்தால் சொல்லுங்க.

இதில் நம்ம ஊர் பெருமை ஒன்று இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூர் பக்கம் தயாரானது, 1961-லிருந்து. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு (1959), வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி 1962-ல் ட்ரையம்ஃப் இறக்கிய வண்டிதான் ஸ்பிட்ஃபயர், அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, சென்னை டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய குடும்பக் கார் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அண்ணனை நாம் ஓட்டினோம். தம்பியை ஷோரூமில் போய் வாங்க வழியில்லாமலே போனது.

ஏனென்றால் இறக்குமதிக் கதவு சாத்தியிருந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்தவர்கள். இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-ல் அரசு முடிவெடுத்ததும் இருவரும் கிளம்பிப் போனார்கள். அதற்கப்புறம் வெளிநாட்டு வண்டி ஒன்று சாதாரண ஆள் கைக்கு வர முக்கியமான வழி, இங்கே இருந்த வெளிநாட்டுத் தூதரக ஆட்கள் விட்டுப்போன வண்டி. அதையும் நேராக வாங்க முடியாது. 1956-ல் ஆரம்பித்த ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் கைக்குப் போய், அங்கிருந்து ஏலம் எடுக்க வேண்டும். இன்னொரு வழி, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர் ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்’ சலுகையில் தன் வண்டியைக் கூடவே கொண்டுவருவது.

உள்ளூர் வண்டிக்கே வருஷக்கணக்கில் காத்திருக்கிற காலம். டெலிவரி எடுத்த பழைய வண்டி, புது வண்டியின் கட்டுப்பாட்டு விலையை விட அதிகத்துக்குப் போகும். இறக்குமதி வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இரும்பை யாரும் பார்க்கவில்லை, கிடைக்கிறதா இல்லையா என்பதற்குத்தான் காசு.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்குமே, ஞாபகம் இருக்கா? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. நம்ம அப்பாக்கள் தலைமுறையில் பெரும்பாலானவர்கள் அசல் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். பார்க்கலாம், சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான்.

கஸ்டம்ஸ் போட்ட விலைப்பட்டியல்

2001 ஏப்ரலில் கதவு திறந்தது. உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த வாக்குப்படி இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் கழித்துக் கட்டிய வண்டிகள் எல்லாம் இங்கே வந்து குவிந்துவிடும் என்று உள்ளூர்க் கம்பெனிகள் அலறின. அரசு பழைய கார்களுக்குத் தனி வேலி போட்டது. அடிப்படைச் சுங்கவரி 105 சதவீதம். மற்ற வரிகளும் சேர்ந்தால் சுமார் 180. அதோடு நிபந்தனைகள்: தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று சான்றிதழ், இறங்கவேண்டியது மும்பைத் துறைமுகத்தில் மட்டும்.

வலது பக்க ஸ்டியரிங் என்ற ஒரே வரியில் துபாய், சவுதி வண்டிகள் மொத்தமும் அவுட். நம்ம வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வளைகுடாவில் இருந்த ஆட்கள் எத்தனை பேர் இதில் ஏமாந்தார்களோ. மிச்சம் ஜப்பான், இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா.

சிங்கப்பூர் கதை தனி. அங்கே 1990-லிருந்து கார் வாங்கினால் மட்டும் போதாது, கார் வைத்துக்கொள்ள பத்து வருஷ உரிமைச் சீட்டை ஏலத்தில் வாங்க வேண்டும். பல சமயம் சீட்டு காரை விட விலை அதிகம். சீட்டின் ஆயுள் கரையக் கரைய வண்டியின் மதிப்பும் கரையும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவை ரத்து செய்து கப்பலேற்றுவது அங்கே சாதாரணம். மலிவான நல்ல வண்டிகள் அங்கிருந்து உலகம் முழுக்கப் போகிற ரகசியம் இதுதான்.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். பழைய வண்டிக்கு வரி போட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மதிப்பு வேண்டுமே, கஸ்டம்ஸ் எப்படிப் போட்டது? இதற்கு ஒரு தேய்மானக் கணக்கு வைத்திருந்தார்கள். புது விலையிலிருந்து முதல் வருஷம் ஒவ்வொரு காலாண்டுக்கும் 4 சதவீதம் கழி. இரண்டாம் வருஷம் காலாண்டுக்கு 3. மூன்றாம் வருஷம் இரண்டரை. அதற்குமேல் 2. எவ்வளவு பழசானாலும் மொத்தக் கழிவு 70-ஐத் தாண்டக் கூடாது. கூட்டிப் பாருங்க: ஒரு வருஷத்தில் 16, இரண்டில் 28, மூன்றில் 38, ஏழாம் வருஷம் சரியாக 70.

பாயின் வண்டியை இதில் போட்டுப் பார்த்தேன். புதிதாக அந்த ஊரில் நம்ம காசுக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருஷத்தில் 38 போக மதிப்பு 12.40 லட்சம். அதற்கு 180 சதவீத வரி 22.32 லட்சம். இரண்டும் சேர்ந்து 34.72 லட்சம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ், ஏஜெண்ட் காசு எல்லாம் தனி. அதாவது 2002-ல் கிட்டத்தட்ட 35 லட்சத்துக்கு மும்பையில் இறங்கியிருக்க வேண்டிய வண்டி, மூன்றே வருஷத்தில் 16-க்கு நம்ம வீட்டு வாசலுக்கு வருகிறது. 31 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். விற்கிறவர் தர்மப்பிரபுவா?

பாயிடம் சொன்னேன். “மலிவா வர்றதுல உனக்கு என்னடா வயித்தெரிச்சல்?” என்றார் :-)

துண்டுக்குள் விலை

சரி, என் கணக்கு வேலைக்காகாது என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் தொழிற்சாலையில் ‘செலக்‌ஷன்’ பார்த்தவர். கார் ஓட்டத் தெரியாது. டிவிஎஸ் ஃபிஃப்டிதான்.

செலக்‌ஷன் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். தோல் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு, சூடு போட்ட குறி, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு. இதையெல்லாம் பார்த்து இது ஒண்ணாம் நம்பர், இது மூணு, இது ரிஜெக்ட் என்று பிரித்து அடுக்க வேண்டும். ஒரு தோலுக்குச் சில நொடிதான். ஒரு நம்பர் தப்பினால் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று முதலாளிக்கு நஷ்டம், இல்லையென்றால் வாங்குகிறவனிடம் கெட்ட பேர்.

இந்த வேலைக்கு நம்ம பக்கம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய மெட்ராஸ் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறி லண்டன் போய் ஏலத்தில் விலை போனது. அப்போது எடைக்கு விலை. அப்புறம் குரோம் வந்தது. சென்னையில் குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே குரோம் தோல் கம்பெனி ஒன்றால் வந்ததுதான். 1970களில் சீதாராமையா கமிட்டி சொன்னபடி கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, பாதி பதப்படுத்தியதற்குக் கட்டுப்பாடு என்று வந்தது. அதற்கப்புறம்தான் ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் முழுசாக ஃபினிஷ் செய்த தோலுக்கும் ஷூவுக்கும் மாறின. இத்தாலி மெஷின்கள், புதுசும் செகண்ட் ஹேண்டும், வந்து இறங்கின. பழைய இறக்குமதிச் சாமான் வாங்கி, அது எத்தனை வருஷம் உழைத்திருக்கும் என்று கணக்குப் போடுவது எங்க ஊருக்குப் புதுசில்லை என்று சொல்லவந்தேன்.

விலை பேசுகிற முறையும் அப்படித்தான். வேலூர் பக்கத்தில் பொய்கை மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை தோறும். தரகர் கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாயால் நம்பர் சொல்வதில்லை. சின்னப் பையனாக மாமாவோடு போனபோது கேட்டிருக்கிறேன், ஏன் மாமா மூடி மூடிப் பேசறாங்க என்று. “வெளிய சொன்னா அது சந்தையோட விலை ஆயிடும்டா. துண்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அது அவங்க ரெண்டு பேரோட விலை” என்றார். இன்றைக்கும் இதற்கு மேல் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வடக்கு வெளிச்சம்

வண்டியை ஒரு குடோனில் டியூப் லைட் போட்டு நிறுத்தியிருந்தார் தரகர். மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வெளிச்சத்துல நான் எதுவும் சொல்ல மாட்டேன். காலைல வெளிய எடுத்து, வடக்க பாத்து நிழல்ல நிறுத்துங்க” என்று சொல்லி வந்துவிட்டார். தோல் பிரிக்கிற ஹாலில் வடக்கு வெளிச்சம்தான் வைப்பார்கள். நேர் வெயில் கண்ணை ஏமாற்றும், ட்யூப் லைட் நிறத்தை ஏமாற்றும்.

மறுநாள் காலை ஏழு மணி. தெருப் பையன்கள் எல்லாம் வண்டியைச் சுற்றி. கருப்பு சீட்டு, பளபள என்று புதுசு மாதிரி. நான் பானெட்டைத் திறந்து என்னமோ தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா எஞ்சின் பக்கமே வரவில்லை. டிரைவர் சீட்டின் வெளி ஓரம், ஏறும்போது தொடை உரசுகிற மேடு, அங்கே கட்டை விரலால் அழுத்தினார். சுருக்கம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். பக்கத்துச் சீட்டில் அதே இடத்தில் அழுத்தினார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, டிரைவர் சீட்டில் இருபது தடவை தேய்த்தார். ஈரத் தேய்ப்பு என்று தோல் லேபிலேயே செய்கிற சோதனைதான் இது. கைக்குட்டையில் கருப்பு.

“கம்பெனி ஃபினிஷ் இப்படி விடாது. இது இங்க யாரோ ஸ்பிரே அடிச்சது. கிரெய்ன் பள்ளம் எல்லாம் பெயிண்ட்டால ரொம்பிக் கீது பாரு.” சீட்டை முன்னால் தள்ளி, கீழே வெளிச்சம் படாத மடிப்பை விரித்துக் காட்டினார். அங்கே இருந்த அசல் நிறம் கருஞ்சாம்பல். மேலே இருந்தது வேறு கருப்பு. “அடியில வெடிப்பு கீது. மூணு வருஷ சீட்டு, முப்பதாயிரம் கிலோமீட்டர்னு சொல்றியே, இந்தத் தோலு அதைவிட ரெட்டிப்பு ஆளைச் சுமந்திருக்கு.”

தரகர் சிரித்தார். “அண்ணே, தோலை வெச்சு வண்டி வயசு சொல்றீங்களா?”

அப்போதுதான் எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் கீழே ஒரு லேபிள் இருக்கும், அதில் பெல்ட் தயாரித்த தேதி. இழுத்தேன். பேப்பரில் வண்டி தயாரித்தது 1999 அக்டோபர். லேபிளில் 1996.

“ஆக்ஸிடென்ட் ஆகி பெல்ட் மாத்தியிருப்பாங்க சார்” என்றார் தரகர். பக்கத்துச் சீட் பெல்ட்டை இழுத்தேன். அதுவும் 1996. ரெண்டு பக்கமும் தேடிப்பிடித்துப் பழைய பெல்ட்டாக வாங்கி மாட்டினார்களா?

மூன்று வருஷம் என்ற விதி ஞாபகம் இருக்கா? 1996 வண்டி 2002-ல் இறங்கியிருந்தால் ஆறு வருஷம். இறக்கவே கூடாத வண்டி. வயசைக் குறைத்துக் காட்டி இறக்கினால் சுங்கச் சட்டம் 1962-ன் 111-ம் பிரிவில் பொருளையே பறிமுதல் செய்யலாம். எத்தனை கை மாறியிருந்தாலும் வண்டியைத் தேடி வருவார்கள். மாமா பாயிடம் சொன்னது இதுதான்: “வண்டிக்கு விலை சொல்லலாம் பாய், ஏழு, எட்டு, எதுவோ. இந்த பேப்பருக்கு எந்த விலையும் சொல்ல முடியாது. விட்டுடுங்க.”

பாய் முகம் செத்துப்போனது. அட்வான்ஸ் ஒரு லட்சம் திரும்ப வரவில்லை. அது யூனிட்டில் தைக்கிற பெண்களுக்குப் பெருநாள் போனஸுக்காக எடுத்து வைத்திருந்த காசு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் நகையை வைத்துத்தான் போனஸ் கொடுத்தார். ஒரு வருஷம் மாமாவிடம் பேசவில்லை. “வாழ்க்கை பூரா வெள்ளைக்காரன் காலுக்குத் தைச்சு அனுப்பறேன். அங்கேர்ந்து ஒண்ணே ஒண்ணு என் வீட்டுக்கு வரட்டும்னு ஆசைப்பட்டேன், அதைப் போய் ஈரத்துணியால தேய்ச்சு அழிச்சிட்டாரு” என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பக்ரீத்துக்கு மாமா வீட்டுக்கு பிரியாணியும் கத்தரிக்காய் தொக்கும் வந்தது. அதோடு சரி.

பேரும் வரியும்

அதே காலத்தில் நாடே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களை எட்டியதற்காக சச்சினுக்கு ஃபியட் கொடுத்த ஃபெராரி 360 மொடெனா. 2002-ல் சில்வர்ஸ்டோனில் ஷூமேக்கர் கையால் கொடுத்தது. வண்டியின் மதிப்பு சுமார் 75 லட்சம் என்றார்கள், சுங்கவரி மட்டும் 1.13 கோடி. அரசு வரிவிலக்கு கொடுக்க, விவகாரம் கோர்ட் வரை போய், கடைசியில் வரியை ஃபியட்டே கட்டியது. 2011-ல் அந்த வண்டியை சூரத் வியாபாரி ஒருவர் வாங்கினார். தேய்மானக் கணக்கில் போட்டால் ஒன்பது வருஷ வண்டிக்கு 70 சதவீதம் கழிய வேண்டும். ஆனால் அந்த ஸ்டியரிங்கை யார் பிடித்தார் என்பதற்கு எந்தக் காலாண்டில் எத்தனை சதவீதம் கழிப்பது?

நம்ம ஊரில் நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட். சுங்கவரி கட்டியாகிவிட்டது, மாநில நுழைவு வரி வேறு ஏன் என்று வழக்கு. 2021 ஜூலையில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மனுவைத் தள்ளி ஒரு லட்சம் அபராதமும் போட்டார். அதற்கு டிவிஷன் பெஞ்ச் தடை கொடுத்து, 2022-ல் தீர்ப்பில் இருந்த கடுமையான வார்த்தைகளையும் நீக்கியது. நுழைவு வரியே 2017-ல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. ஆனால் பழைய வண்டியின் பழைய பாக்கி போகாது. இறக்குமதி வண்டி வாங்குகிறவர்கள் இரும்பை மட்டும் வாங்குவதில்லை, அதன் பின்னால் தொங்கும் வழக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பாலாறு

அன்றைக்குக் காலை அந்த வேலை முடிந்து மாமாவும் நானும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் திரும்பினோம். பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மணல், முள்செடி, ஒரு ஓரத்தில் கருப்பாக ஒரு கால்வாய். மாமாவின் அப்பாவுக்கு ஆற்றோரம் தென்னந்தோப்பும் கிணறும் இருந்தது. கிணற்றுத் தண்ணி உப்பாகி, மரம் ஒன்றொன்றாகப் பட்டுப்போனது என் சின்ன வயசில் பார்த்தது.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அசுத்தம் செய்தவரே செலவைத் தரவேண்டும் என்ற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தில் உறுதியானது இந்தத் தோல் ஊர்களை வைத்துத்தான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், நிலம் கெட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம். ஒரு ஆறு போனதற்கு நியாயமான விலை என்ன என்று அதற்கு முன் யாரும் கணக்கு கேட்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு, நதியை மீட்பது என்று உத்தரவுகள் போடவேண்டி வந்தது.

மாமா பாலத்துக் கட்டையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். “ஒரு சதுரடிக்கு எத்தனை ரூபான்னு முப்பது வருஷம் சொல்லிக் கீறேன். ஒரு தபா கூட இத அதுல சேத்ததில்ல.” வேறு எதுவும் சொல்லவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னார்.

கடைசியாக

2024-ல் ஒரு தீர்ப்பு வந்தது. போர்ஷே கரேரா ஒன்று, யாரோ இறக்குமதி செய்து, கைமாறி இன்னொருவர் வாங்கியது. இறக்குமதியில் தப்பான தகவல் என்று கொச்சி கஸ்டம்ஸ் பிடித்து, இரண்டாவதாக வாங்கியவரிடம் சுங்கவரி பாக்கியைக் கேட்டது. வழக்கு நடந்து நடந்து உச்ச நீதிமன்றம் வரை போய், பிறகு வாங்கியவர் ‘இறக்குமதியாளர்’ ஆகமாட்டார், அவரிடம் வரி கேட்க முடியாது என்று முடிந்தது.

செய்தியைப் படித்ததும் பாய்க்கு அனுப்பினேன். உடனே போன். “பாத்தியா? அன்னிக்கே வாங்கியிருக்கலாம். உங்க மாமா சொன்னது தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு!”

“பாய், அந்த ஆளு எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார்னு பாத்தீங்களா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: “அவர் இருந்தா என்னடா சொல்லியிருப்பாரு?”

மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியல பாய் என்றேன். அடுத்த தடவை ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா, ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், பழைய ஹெரால்டு, 1960கள் மாடல், சீட்டு மட்டும் மாற்ற வேண்டும், தோல் நானே தைக்கிறேன் என்றார். எவ்வளவு சொல்றாங்க என்று கேட்டேன். போனில் சொல்ல மாட்டாராம். நேரில் வா, துண்டு எடுத்துட்டு வா என்றார்.

அடுத்த மாதம் போகிறேன். கைக்குட்டையும் எடுத்துக்கொண்டு.

டிஸ்கி: தேய்மானக் கணக்கும் வரி விகிதமும் அந்தக் காலத்தவை. இதை வைத்து இன்றைக்கு யாரும் வண்டி வாங்கப் போய்விடாதீங்க. ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பதற்குக் காசு எதுவும் கிடையாது.